சுவர் காய்வதற்குள்: விக்டர் அர்னாட்டாஃபின் ஈரச்சுண்ணாம்பு ஓவியங்கள்

2019 ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவின் பள்ளி நிர்வாகக் குழு ஒரு முடிவெடுத்தது. ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியின் முகப்புக் கூடத்திலும் படிக்கட்டுச் சுவர்களிலும் இருக்கும் 13 ஓவியங்களைப் பெயின்ட் அடித்து மூடிவிடுவது. சுற்றுச்சூழல் ஆய்வு உள்ளிட்ட வேலைகளோடு அதற்கு ஆறு லட்சம் டாலர் ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள். சட்டம் போட்ட படமாக இருந்தால் ஏணி வைத்துக் கழற்றி, துணி சுற்றி, கிடங்கில் வைத்துவிடலாம். ஒரு பகல் வேலை. இவற்றைக் கழற்ற வழியில்லை. சுவரின் பூச்சிலேயே ஊறி, பூச்சோடு சேர்ந்து கல்லாக இறுகிய ஓவியங்கள் இவை.

வரைந்தவர் விக்டர் அர்னாட்டாஃப். 1896இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் தெற்கே, இன்றைய உக்ரைனில் பிறந்தவர். சீனா, அமெரிக்கா, மெக்சிகோ, மறுபடி அமெரிக்கா, கடைசியில் சோவியத் ஒன்றியம் என்று மாறி மாறி வாழ்ந்து 1979இல் லெனின்கிராடில் இறந்தார். இப்படி ஊர் ஊராகப் போன மனிதர் தன் வாழ்நாளின் சிறந்த வேலையை எல்லாம் ஊர் மாற்றவே முடியாத ஒரு முறையில் செய்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அரசியலை விரிவாக எழுதுகிறார்கள். சுண்ணாம்பை இரண்டு வரியில் தாண்டிப் போகிறார்கள். அந்தச் சுவர்களைச் சுற்றி நடந்த சண்டைகள் ஏன் அப்படி நடந்தன என்று புரிய, சுண்ணாம்பும் தெரிய வேண்டும்.

அப்பா ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். மரியுபோலில் பள்ளிப்படிப்பு. ஓவியம் படிக்கத்தான் ஆசை. முதல் உலகப் போர் வந்தது, குதிரைப்படைப் பள்ளியில் சேர்ந்தார். ஜார் மன்னரின் படையில் அதிகாரியாகி, வீரத்துக்கான செயின்ட் ஜார்ஜ் சிலுவையும் வாங்கினார். புரட்சிக்குப் பின் வந்த உள்நாட்டுப் போரில் சைபீரியாவில், போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப்படை பக்கம் நின்றார். அந்தப் படை தோற்றதும் எல்லை தாண்டிச் சீனாவுக்குள் போய் ஆயுதத்தை ஒப்படைத்தார். அங்கே ஐந்து ஆண்டுகள். லிடியாவைக் கல்யாணம் செய்துகொண்டதும், இரண்டு மகன்கள் பிறந்ததும் அங்கேதான். ஓவியம் சோறு போடவில்லை. தெரிந்த தொழில் குதிரைப்படை. மஞ்சூரியாவை ஆண்ட படைத்தலைவர் ஜாங் சுவோலினின் குதிரை வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1925 நவம்பரில் மாணவர் விசாவில் சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கியபோது அவருக்கு 29 வயது. கலிஃபோர்னியா ஸ்கூல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் சேர்ந்தார். குடும்பம் பின்னால் வந்து சேர்ந்தது. மாணவர் விசாவின் சிக்கல் வெளிநாட்டில் படித்தவர்களுக்குத் தெரியும்: படிப்பு முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும். சிற்பி ரால்ஃப் ஸ்டாக்போல் வழிகாட்டியதில் 1929இல் அர்னாட்டாஃப் மெக்சிகோ போய், அந்நாட்டுச் சுவரோவியர் டியேகோ ரிவேராவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மெக்சிகோ நகரத்தின் தேசிய அரண்மனைப் படிக்கட்டிலும், குவெர்னவாக்காவின் கோர்தேஸ் அரண்மனையிலும் ரிவேரா அப்போது வரைந்துகொண்டிருந்தார். 1931 வரை அந்தச் சாரங்களின் மேல் நின்று கற்றதுதான் அர்னாட்டாஃபின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் நடத்தியது.

அங்கே அவர் கற்ற வேலையை ஃப்ரெஸ்கோ என்கிறோம். அடிப்படை மிக எளியது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து வெடித்து நீர்த்த சுண்ணாம்பாகும். மணலோடு கலந்து சுவரில் பூசினால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு திரும்பவும் சுண்ணாம்புக்கல்லாகும். சூளையில் போனது சுவரில் திரும்பி வருகிறது. அந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது ஈரப் பூச்சின் மேல் தண்ணீரில் மட்டும் குழைத்த நிறப்பொடியை வைத்தால், சுண்ணாம்பு நீர் மேலே ஏறி வந்து அந்தப் பொடியைச் சுற்றிப் படிகமாக உறைகிறது. பசை, எண்ணெய், முட்டை எதுவும் வேண்டாம். நிறத்தைப் பிடித்துவைப்பது கல்.

எளிய அடிப்படை. ஆனால் செய்யும்போது ஒவ்வொரு கட்டத்திலும் கெட்டுப்போக வழி இருக்கிறது.

முதலில் சுண்ணாம்பு. நீற்றியவுடன் பயன்படுத்தினால் உள்ளே நீறாத துகள்கள் இருக்கும். அவை சுவரில் பூசிய பிறகு, வாரங்களோ மாதங்களோ கழித்து, ஈரத்தை இழுத்து உப்பி, பூச்சைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கவைக்கும். அதனால் நீர்த்த சுண்ணாம்பைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குழியிலோ தொட்டியிலோ குறைந்தது ஆறு மாதம் ஊறப்போடுவார்கள். ஒன்றிரண்டு ஆண்டு ஊறினால் இன்னும் நல்லது. ஊற ஊறத் துகள் நுணுகி, கரணையில் எடுத்தால் வெண்ணெய் போல் வழுக்கி நிற்கும். அந்தப் பதம்தான் கணக்கு. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களைப் பூசிய கொத்தனார்கள் இதைப் பார்த்தால் புதிதாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மணல் ஆற்று மணலாக, கழுவியதாக இருக்க வேண்டும். கையில் தேய்த்தால் மண் ஒட்டக்கூடாது. கடல் மணல் ஆகவே ஆகாது. அதிலிருக்கும் உப்பு பின்னால் சுவரின் முகத்துக்கு வந்து வெள்ளையாகப் பூக்கும், படத்தையும் தள்ளிக்கொண்டு வரும். பூச்சு மூன்று அடுக்கு. அடிப்பூச்சு சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, ஒரு சென்டிமீட்டர் அளவு, முகம் சொரசொரவென்று. நடுப்பூச்சு ஒன்றுக்கு இரண்டு அல்லது இரண்டரை. இவை இரண்டும் நன்றாகக் காய்ந்து இறுக விட வேண்டும். கடைசிப் பூச்சு மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர்தான். சுண்ணாம்பும் சலித்த மணலும் ஏறக்குறைய சரிபாதி, மணலுக்குப் பதில் பளிங்குத் தூளும் உண்டு. ஓவியம் இந்த ஐந்து மில்லிமீட்டரில் மட்டுமே இருக்கிறது. அதிலும் நிறம் இருப்பது மேல்தோலில்.

சுண்ணாம்புக்கு எல்லா நிறமும் ஒத்துவராது. ஈரச்சுண்ணாம்பு கடுங்காரம்; கை வெந்துபோகும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அந்தக் காரத்தில் பிரஷியன் நீலம் சிதைந்து துருப்பிடித்த பழுப்பாகும். ஈய வெள்ளை நாளடைவில் கறுக்கும். குரோம் மஞ்சளை நம்ப முடியாது. தாக்குப்பிடிப்பவை பெரும்பாலும் மண் நிறங்கள்: மஞ்சள் காவி, செங்காவி, சியென்னா, அம்பர், பச்சை மண். இவற்றோடு இரும்பு ஆக்சைடு சிவப்புகள், கோபால்ட் நீலம், குரோமியம் ஆக்சைடு பச்சை, கரி. வெள்ளைக்குத் தனி நிறம் வேண்டாம், சுண்ணாம்பே போதும். ரிவேரா வழி வந்தவர்களின் சுவர்களில் அந்தத் தவிட்டு நிறமும் செங்கல் நிறமும் ஏன் ஓங்கி நிற்கின்றன என்பதற்குப் பாதிக் காரணம் ரசனை, மீதிப் பாதி இந்தக் காரம்.

பசை சேர்க்கக்கூடாது என்பதை ரிவேராவே அடிபட்டுத்தான் கற்றார். 1920களின் தொடக்கத்தில் மெக்சிகோ கல்வி அமைச்சகக் கட்டடத்தில், பழங்குடி மக்களின் பழைய முறை இது என்று நம்பி, நோபால் என்னும் சப்பாத்திக்கள்ளியின் சாற்றை நிறத்தோடு கலந்து பார்த்தார். சாறு அழுகிச் சுவரெங்கும் கறை விழுந்தது. அந்த முறையை விட்டுவிட்டார். நம்மூரில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது பூச்சுக்காக, சாந்து இறுகுவதற்காக. நிறத்தோடு கரிமப் பொருளைச் சேர்ப்பது வேறு விஷயம். அர்னாட்டாஃப் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது இந்தப் பிழைகளெல்லாம் கடந்த காலம். கொத்தனார், நிறம் அரைப்பவர், படியெடுப்பவர், நிழல் அடிப்பவர் என்று வேலை பிரிந்து ஓடிக்கொண்டிருந்த தேர்ந்த பட்டறை அவருக்குக் கிடைத்தது.

ஒரு நாள் வேலை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். முழு அளவுக் கோட்டுப்படம் காகிதத்தில் தயாராக இருக்கும். அதன் பொதுவான அமைப்பை நடுப்பூச்சின் மேல் செங்காவியால் கோடு இழுத்துவைத்திருப்பார்கள். அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும், விடிவதற்கு முன்பே கொத்தனார் சுவரை நன்றாக நனைத்துக் கடைசிப் பூச்சை ஏற்றுவார். சுவர் போதுமான தண்ணீர் குடிக்காவிட்டால் கீழ்ப்பூச்சு மேல்பூச்சின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஓவியர் வரும்போது பூச்சு செத்துப்போயிருக்கும். பூச்சின் மேல் விரல் வைத்தால் குழி விழக்கூடாது, குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும். அப்போது கோட்டுப்படத்தின் கோடுகளில் ஊசியால் துளைகள் போட்ட காகிதத்தை ஒட்டிவைத்து, துணி முடிச்சில் கட்டிய நிறப்பொடியால் தட்டுவார்கள். துளைபோட்ட தகட்டில் கோலமாவைத் தட்டி வாசலில் கோலம் இறக்குவது போலத்தான்; இங்கே வாசலுக்குப் பதில் சுவர்.

பிறகு தூரிகை. ரிவேராவின் பட்டறையில் உதவியாளர்கள் முதலில் கறுப்பால் ஒளி நிழலை ஏற்றிவைப்பார்கள், அதன் மேல் நிறம் கண்ணாடி போல் மெல்லியதாகப் படியும். முதல் இரண்டு மணி நேரம் பூச்சு தயங்கித் தயங்கித்தான் நிறத்தை வாங்கும். வேகமாகத் தேய்த்தால் அடியிலிருக்கும் சுண்ணாம்பு கலங்கி மேலே வந்து நிறம் பால் போல் வெளுத்துவிடும். பிற்பகலில் ஒரு கட்டம் வரும், பூச்சு தூரிகையிலிருந்து நிறத்தைத் தானாகவே இழுத்துக் குடிக்கும். முகமும் கையும் அப்போதுதான் வரைய வேண்டியவை. அந்த நேரம் நீளாது. தூரிகை இழுபட ஆரம்பித்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்த நிறத்தைச் சுண்ணாம்பு பிடிக்காது. சில மாதத்தில் விரலால் தொட்டால் பொடியாக வரும்.

இன்னொரு தொல்லை, ஈரத்தில் காண்பது காய்ந்தபின் இருக்காது. நிறம் வெளிறும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு. அதனால் குழைத்த நிறத்தைத் தண்ணீர் உறிஞ்சும் காய்ந்த அம்பர் கட்டியிலோ ஓட்டுத் துண்டிலோ ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள். நிமிடத்தில் காய்ந்து, நாளைக்குச் சுவரில் இருக்கப்போகும் நிறத்தைக் காட்டிவிடும்.

மாலையில் மீந்த பூச்சைக் கத்தியால் சாய்வாக வெட்டி எடுத்துவிட வேண்டும். மறுநாள் பூச்சு அந்த விளிம்பில் வந்து சேரும். இணைப்பை எங்கே வைப்பது என்பதில்தான் ஓவியரின் அனுபவம் தெரியும். கோட்டின் ஓரம், தொப்பியின் விளிம்பு, கட்டடத்தின் முனை என்று ஏதாவது ஒரு எல்லைக்கோட்டில் மறைப்பார்கள். வெறும் வானத்தின் நடுவே இணைப்பு விழுந்தால் இரண்டு நாள் நீலமும் ஒத்துப்போகாது. கூட்டம் நிறைந்த படங்களை இந்த ஓவியர்கள் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நமது கணிப்பு. நெருக்கியடித்து நிற்கும் ஆட்களுக்கு நடுவே வெட்டுவதற்கு வேண்டிய எல்லைகள் கிடைக்கின்றன. வேலை எப்போதும் மேலிருந்து கீழே. கீழே முதலில் முடித்தால் மேலிருந்து வடியும் சுண்ணாம்புத் தண்ணீர் அதைக் கெடுக்கும்.

ஒரு நாளுக்கு 12 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், ஐந்து மில்லிமீட்டர் பூச்சுக்கு ஆறு லிட்டருக்குள்தான் சாந்து வேண்டும். ஒரு வாளிகூட நிறையாது. மனிதரின் நாள் முழுவதும் அந்த ஒரு வாளியின் கட்டளைப்படி நகரும்.

இந்தக் கைத்தொழிலோடுதான் அர்னாட்டாஃப் 1931இல் சான் பிரான்சிஸ்கோ திரும்பினார். மூன்றாவது மகன் மெக்சிகோவில் பிறந்திருந்தான். முதல் பெரிய வேலை 1932இல், பாலோ ஆல்டோ நகரத்தின் மருத்துவமனை முகப்பில். பழங்கால வைத்தியமும் நவீன மருத்துவமும் எதிரெதிரே. ஒரு படத்தில் மருத்துவர் ஒரு பெண்ணின் திறந்த மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பரிசோதிக்கிறார். அதைப் பார்க்க வண்டிகள் மெதுவாகப் போய்த் தெருவில் நெரிசலே ஆனது. பணம் கொடுத்த மருத்துவர்கள் அசையவில்லை, படமும் அப்படியே இருந்தது.

பொருளாதார மந்தத்தின் உச்சத்தில், 1933 இறுதியில், ஓவியர்களுக்கு வாரச்சம்பளம் கொடுத்துப் பொதுக் கட்டடங்களில் வேலை தரும் திட்டத்தை அமெரிக்க அரசு தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் அந்தத் திட்டம் இறங்கிய இடம், டெலிகிராஃப் குன்றின் உச்சியில் 1933இல் கட்டி முடித்த 210 அடி உயரமுள்ள கோய்ட் டவர். கான்கிரீட் சுவர்கள், சுமார் 25 ஓவியர்கள், கையில் இருந்தது அரை ஆண்டு. அவர்களில் ஃப்ரெஸ்கோ தெரிந்தவர்கள் சிலரே. அர்னாட்டாஃபைத் தொழில்நுட்பப் பொறுப்பாளராக வைத்தார்கள். ஒரே கட்டடத்தில் இத்தனை பேர் வரையும்போது ஒவ்வொருவரும் ஒரு சாந்தும் ஒரு நிறமும் வைத்துக்கொண்டால் சுவர் சந்தைக்கடையாகிவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலான சுவர்கள் ஒரே மண் நிறக் குடும்பமாக இருப்பது தெரியும். அந்த ஒழுங்கு தானாக வந்ததில்லை. எண்ணெய் வண்ணத்திலும் முட்டைக்கரு டெம்பராவிலும் சில படங்கள் இருக்கின்றன, அவற்றைக் கண் உடனே பிரித்துக் கண்டுபிடித்துவிடும்.

அவர் தன் பங்குக்கு வரைந்தது ‘நகர வாழ்க்கை’. பத்தடி உயரம், 36 அடி நீளம். நெரிசலான தெரு. ஒரு மூலையில் துப்பாக்கி காட்டி ஒருவரிடம் வழிப்பறி நடக்கிறது. பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு இடத்தில் வாகன விபத்து. பத்திரிகைக் கடை ஒன்று. அதன் தட்டியில் ‘தி மாசஸ்’, ‘டெய்லி வொர்க்கர்’ போன்ற இடதுசாரி இதழ்கள் தொங்குகின்றன, ஊரின் பெரிய நாளிதழான ‘கிரானிக்கிள்’ இல்லை. கடைக்குப் பக்கத்தில் விலங்கு ரோமத்தாலான காலர் வைத்த கோட்டுடன் நிற்பவர் அர்னாட்டாஃப். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை செம்படையை எதிர்த்துப் போரிட்டவர், இப்போது அந்தக் கடையருகே தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறார். மெக்சிகோவும் மந்தநிலையும் சேர்ந்து அவரை எங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தன என்பதை இதைவிடத் தெளிவாக எழுதிக் காட்ட முடியாது. கம்யூனிஸ்ட் கட்சியில் அவர் சேர்ந்தது இதற்குப் பிறகுதான்.

வேலை முடியும் தறுவாயில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்தது. 1934 ஜூலை 5ஆம் தேதி போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள், பிறகு நகரம் முழுக்கப் பொது வேலைநிறுத்தம். கோபுரத்துக்குள் அரிவாள் சுத்தியல் வரைந்திருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன. கிளிஃபர்ட் வைட் தன் ஜன்னல்களின் மேல் வரைந்த சின்னம்தான் அது, கடைசியில் அழிக்கப்பட்டது. கோபுரத்தைப் பூட்டிவைத்து அக்டோபரில்தான் திறந்தார்கள். அர்னாட்டாஃபின் பத்திரிகைக் கடை தப்பியது.

1935இல் பிரெசிடியோ ராணுவ முகாமின் தேவாலயத்தில் ஒரு சுவர். அடுத்தது வாஷிங்டன் பள்ளி: 13 ஓவியங்கள், மொத்தம் 1600 சதுர அடி, 1936இல் முடிந்தது. நாளுக்கு 12 சதுர அடிக் கணக்கையே இங்கும் போட்டால் 130 நாட்களுக்கு மேல், ஒவ்வொன்றும் விடியுமுன் பூச்சோடு தொடங்கியிருக்க வேண்டும். பெயருக்குத் தலைப்பு ‘வாஷிங்டன் வாழ்க்கை’. பெரிய படங்களின் நடுவே இருப்பவர்களைப் பாருங்கள்: பழங்குடியினர், புரட்சியில் இறங்கிய உழைப்பாளிகள், அடிமைப்பட்ட கறுப்பின மக்கள். வாஷிங்டன் ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கிறார். மவுன்ட் வெர்னன் பண்ணையில் அவருடைய அடிமைகள் வேலை செய்கிறார்கள். இன்னொன்றில் அவர் மேற்கே கை காட்டுகிறார். குடியேறிகள் சாம்பல் நிறத்தில் நடந்து போகிறார்கள், அவர்கள் காலடியில் ஒரு பழங்குடி மனிதர் இறந்து கிடக்கிறார், ஆளுயர அளவில். மற்றதெல்லாம் நிறத்தில் இருக்கும்போது அந்தக் குடியேறிகளை மட்டும் சாம்பலில் வைத்தது ஓவியரின் தீர்ப்பு. 1936இல் ஒரு பள்ளிக்கூடச் சுவரில், பாடநூல்கள் சொல்லாததை, அந்நிய நாட்டில் பிறந்த ஒருவர் எழுதிவைத்தார்.

அஞ்சலகங்களுக்காக அவர் செய்த வேலை வேறு வகை. டெக்சாஸின் லிண்டனில் 1939இல் பருத்தி பறிப்பவர்கள், கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் 1941இல் தொழில் நகரம். இத்தகைய அஞ்சலகப் படங்கள் பெரும்பாலும் பட்டறையில் கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்து, சுருட்டி ரயிலில் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுவதற்கென்றே திட்டமிட்டவை. மலிவு, ஓவியர் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கவும் வேண்டாம். ஆனால் கழற்ற முடிந்தது தொலையவும் முடியும். ரிச்மண்ட் படத்தை 1976இல் கட்டடத்தைப் புதுப்பிக்கக் கழற்றினார்கள், பிறகு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. 2014இல் அதே அஞ்சலகத்தின் அடித்தளத்தில் ஒரு பெட்டிக்குள் கிடைத்தது.

1938இலிருந்து 1962 வரை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடி விசாரித்த மெக்கார்த்தி காலத்தில், துணை ஜனாதிபதி நிக்சனைக் கேலிசெய்து அவர் போட்ட லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்) ஒன்று 1955இல் நகரக் கலைவிழாவிலிருந்து அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டு, நாடாளுமன்றத்தின் அமெரிக்க விரோதச் செயல் விசாரணைக் குழு அவரை அழைத்தது. வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி நெருக்கடி வந்தது, பல்கலைக்கழகம் தூக்கவில்லை. 1961இல் லிடியா இறந்தார். 1963இல், நாற்பதாண்டுகளுக்கு முன் தப்பி வந்த நாட்டுக்கே அர்னாட்டாஃப் திரும்பிப் போனார். பள்ளிப்பருவத்து நகரமான மரியுபோலில், அப்போது அதன் பெயர் ஷ்தானோவ், பொதுக் கட்டடங்களின் சுவர்களுக்கு மொசைக் செய்தார். மறுபடியும் கட்டடத்தோடு ஒட்டிய கலைதான். 2022 முற்றுகையில் அந்த நகரம் என்ன ஆனது என்று உலகமே பார்த்தது.

வாஷிங்டன் பள்ளிச் சுவருக்கு எதிரான முதல் குரல் 2019இல் எழுந்ததில்லை. 1960களின் இறுதியிலேயே கறுப்பின மாணவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. தன் முன்னோர் அடிமையாகவோ பிணமாகவோ மட்டும் இருக்கும் சுவரைத் தாண்டி ஒரு பிள்ளை தினமும் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. ஓவியரின் நோக்கம் நல்லது என்ற விளக்கம் படிக்கட்டில் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து ஏறி வராது. அன்றைக்கு எடுத்த வழி அழகானது. டூயி கிரம்ப்ளர் என்ற இளம் கறுப்பின ஓவியரை எதிர்மொழியாக வேறு சுவர்களில் வரையச் சொன்னார்கள். 1974இல் அவர் ஆப்பிரிக்க, ஆசிய, பழங்குடி, லத்தீன் மக்களின் வரலாற்றை வரைந்து முடித்தார். 2019இல் பழைய ஓவியங்களை அழிக்கக்கூடாது என்று பேசியவர்களில் அவரும் ஒருவர். நாமும் அவர் பக்கம்தான்.

நிர்வாகத்தின் முன் இருந்த வழிகளைத் தொழில் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொன்றும் எங்கே முட்டியது என்று தெரியும். பெயர்த்து எடுக்க மூன்று முறைகள் உண்டு. துணியும் விலங்குப் பசையும் ஒட்டி, பசை காய்ந்து சுருங்கும் விசையில் நிறத்தோலை மட்டும் உரிப்பது ஒன்று. இதில் நிறத்தின் ஒரு பகுதி சுவரிலேயே தங்கிவிடும். பூச்சோடு சேர்த்து அறுப்பது இரண்டாவது. சுவரையே வெட்டுவது மூன்றாவது. தாங்குசுவர்களில், படிக்கட்டோடு வளைந்து ஏறும் 1600 சதுர அடிக்கு இவற்றில் எதுவும் நடைமுறைக்கு வராது. பெயின்ட் அடித்தால் அதிலுள்ள அக்ரிலிக், சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கிக்கொள்ளும். பிற்காலத்தில் கரைப்பான் போட்டால் நிறமும் சேர்ந்தே வரும். ஆகஸ்டில் குழு மனம் மாறி, பலகைகளால் மறைக்கலாம் என்று 4க்கு 3 என்ற கணக்கில் வாக்களித்தது. அதற்கும் சுவரில் துளையிட வேண்டும், பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஈரம் தேங்கி உப்புப் பூக்கும், பூஞ்சை பிடிக்கும். பழைய மாணவர் சங்கம் வழக்குப் போட்டது. 2021இல் நீதிமன்றம் குழுவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2022இல் புதிய குழு பழைய முடிவையே ரத்துசெய்தது.

மறைப்பதிலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்றுப்பாதையில் நாயக்கர் காலத்தில் பழைய சுவரின் மேல் புதிதாகச் சுண்ணாம்பு பூசி வரைந்தார்கள், 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டபோது அடியில் சோழர் ஓவியம் உயிரோடு இருந்தது. 1930களில் எஸ். பரமசிவன் அதை ஆராய்ந்து, சோழர் அடுக்கு ஈரச்சுண்ணாம்பில் வரைந்தது என்றார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் அர்னாட்டாஃப் சான் பிரான்சிஸ்கோவில் சாரம் கட்டி நின்றார். சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு மூச்சுவிடும், பின்னால் பொறுமையாகப் பிரிக்கவும் முடியும். பிளாஸ்டிக் பெயின்ட் விடாது.

கோய்ட் டவர் சுவர்களுக்கு அரசியலைவிட அதிகத் தொல்லை கொடுத்தது தண்ணீர். கூரை ஒழுகல், குன்றின் மேல் வீசும் உப்புக் காற்று, படிக்கட்டில் ஏறுகிறவர்கள் கையாலும் பையாலும் உரசிய உரசல். 1990இலும் 2014இலும் செப்பனிட்டார்கள். உதிர்ந்த இடத்தில் நிறத்தை நிரப்பும்போது, பின்னால் எடுக்கக்கூடிய வண்ணத்தால் மட்டும் நிரப்புவது இந்தத் தொழிலின் விதி. புதிதாகச் சுண்ணாம்பு ஏற்றி மறுபடி வரைந்தால் அது அர்னாட்டாஃபின் நாளாக இருக்காது.

அங்கே போகிறவர்கள் ‘நகர வாழ்க்கை’யை நேரே நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சுவரின் ஓரத்துக்குப் போய், கன்னத்தைச் சுவருக்கு அருகே கொண்டுவந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும் கோணத்தில் பாருங்கள். தோள்களையும் தொப்பிகளையும் ஒட்டி நூல் போல மெல்லிய விளிம்புகள் எழுந்து தெரியும். 1934 வசந்தத்தில், ஒவ்வொரு நாளும் பூச்சு வெட்டப்பட்ட இடம் அது. விளிம்புக்கு இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் மறுநாள்.